தலைவர் விழுந்த பிறகு: தமிழ் தலைவாஸ், 2022



மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "அண்ணே, நீங்க வரலாற்றுத் துறைப் பழைய மாணவர். மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு வேணும்." ஜவ்வாது மலை நடுகற்களைப் பற்றியோ கல்திட்டைகளைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நான் புதூர்நாட்டுக்காரன் ஆயிற்றே! ஆனால் கற்களைப் பற்றி எழுத என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு கபடி அணியின் எழுபது நாள் கதையை. அதுவும் கோப்பையை ஜெயித்த அணியின் கதை இல்லை, அரையிறுதியில் இரண்டு புள்ளியில் தோற்ற அணியின் கதை.

"இது வரலாறாப்பா?" என்று நம் பேராசிரியர் இருந்தால் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்திருப்பார். "தோத்தவங்க வரலாற்றையும் எழுதணும்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க" என்று நானும் சொல்லியிருப்பேன்.

நான் 1986 முதல் 1989 வரை நம் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தவன். நான் சேர்ந்தபோது நாங்கள் வட ஆற்காடு மாவட்டம். நான் படித்து முடித்த வருடமே மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். பிறகு வேலூர் மாவட்டம் ஆனோம். 2019 நவம்பரிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். மாவட்டத்தின் பெயர்தான் மாறிக்கொண்டிருக்கிறது. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு மூன்றும் மலைமேல் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

எங்கள் ஊரில் சாமை அறுவடை முடிந்து களம் காலியானால் அன்று சாயங்காலமே சடுகுடு தொடங்கிவிடும். கோடு கிழிக்க ஒரு குச்சி போதும். எத்தனை பேர் என்று கணக்கெல்லாம் கிடையாது. வந்தவர்களை இரண்டாகப் பிரித்தால் இரண்டு கட்சி. மூச்சு விடாமல் 'சடுகுடு சடுகுடு' என்று பாடிப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். கல்லூரிக்கு வந்த முதல் வாரம், மைதானத்தில் நான் அப்படிப் பாடிப் போனபோது உடற்கல்வி ஆசிரியர் விசில் ஊதி நிறுத்தினார். "தம்பி, இங்க கபடின்னுதான் பாடணும். சடுகுடுன்னு சொன்னா நடுவர் அவுட் குடுத்துடுவாரு." மூன்று வருடப் படிப்பில் எனக்கு முதல் பாடம் அதுதான். மலையில் விளையாடுவது ஒன்று, சட்டப்படி விளையாடுவது வேறொன்று.

அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டம் இந்தியா முழுக்க ஊருக்கு ஒரு பெயரோடும் ஊருக்கு ஒரு விதியோடும் இருந்தது. அதை ஒரே விதிக்குள் கொண்டுவரும் வேலையை அதிகம் செய்தவர்கள் மராட்டியர்கள். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் நடந்தபோது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தார் அங்கே இதை ஆடிக் காட்டினார்கள். 1950இல் அகில இந்தியக் கபடிச் சம்மேளனம் உருவானது. 1982 தில்லி ஆசியப் போட்டியில் காட்சி ஆட்டம். 1990 பெய்ஜிங் ஆசியப் போட்டியில்தான் பதக்கம் தரும் விளையாட்டாகச் சேர்த்தார்கள். இந்தியாவுக்குத் தங்கம். அந்த அணியில் நம் தமிழ்நாட்டு எஸ். ராஜரத்தினம் இருந்தார். அடுத்த 1994 ஹிரோஷிமா போட்டியில் தூத்துக்குடிச் சீமையின் மணத்தி கணேசன் இருந்தார். இருவருக்கும் அர்ஜுனா விருது கிடைத்தது. கணேசனின் வாழ்க்கையை ஒட்டித்தான் 2025இல் மாரி செல்வராஜின் 'பைசன்' படம் வந்தது. இளைஞர்களுக்கு அவரைத் தெரியவந்தது அந்தப் படத்தால்தான் என்றால், அதுவும் நல்லதே.

ஆனால் இந்தத் தங்கப் பதக்கங்களெல்லாம் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி. கபடிக்காரன் என்றால் ரயில்வேயிலோ வங்கியிலோ போலீசிலோ வேலை கிடைக்கும், அவ்வளவுதான். 2014 ஜூலை 26 அன்று புரோ கபடி லீக் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. எட்டு அணிகள், வீரர்களை ஏலம் விடுதல், வண்ண விளக்கு, மண்ணுக்குப் பதிலாக மேட். முதல் வருடம் ஜெயித்தது ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ். அதற்குப் பயிற்சியாளர் நம் ஊர் கே. பாஸ்கரன் என்பதை நிறையப் பேர் மறந்துவிட்டார்கள். 2016இல் நான்காம் சீசன் கோப்பையைப் பாட்னாவுக்கு வாங்கிக் கொடுத்த அணித்தலைவர் தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன். அப்போது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது! தமிழர்கள் லீக்கில் இருந்தார்கள். தமிழ்நாட்டுக்கு என்று ஓர் அணிதான் இல்லை.

2017இல் அது வந்தது. பெயர் தமிழ் தலைவாஸ். தமிழ்ப் பெயருக்கு ஆங்கிலப் பன்மை! நம் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் காதில் விழுந்திருந்தால் ஒரு வாரம் வகுப்பு நடந்திருக்காது. சச்சின் டெண்டுல்கர் உரிமையாளர்களில் ஒருவர், கமல் ஹாசன் விளம்பரத் தூதர். இமாச்சலப் பிரதேசத்து அஜய் தாக்கூர் அணித்தலைவர். கொட்டு மேளத்தோடு வந்த அணி, முதல் வருடம் தன் பிரிவில் கடைசி. இரண்டாம் வருடமும் கடைசி. மூன்றாம் வருடம், அதாவது 2019இல், அஜய் தாக்கூருடன் ராகுல் சவுத்ரி, மஞ்சீத் சில்லர் என்று போஸ்டரில் இடம் போதாத அளவுக்குப் பெரிய பெயர்கள். முடிவில் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். நட்சத்திரங்களைச் சேர்த்தால் அணி ஆகிவிடும் என்ற நம்பிக்கை 2019இல் உடைந்தது. அதன் பிறகு வந்த சீசனைத்தான் யாரும் கவனிக்கவில்லை. கொரோனாவால் ஒரு வருடம் ஆட்டமே இல்லை. 2021 டிசம்பரில் பெங்களூரில் ஒரே ஹோட்டலுக்குள், பார்வையாளர் இல்லாமல் லீக் நடந்தது. தலைவாஸ் பழைய பெயர்களை விட்டுவிட்டு இளவட்டங்களை இறக்கியிருந்தது. சாகர் ராட்டி, சாஹில் குலியா, அஜிங்கியா பவார், நம் தமிழ்நாட்டுப் பையன் எம். அபிஷேக். முடிவு பதினோராவது இடம். "அடப் போங்கப்பா, கடைசிக்கு ஒண்ணு முன்னாடி, இதுதான் முன்னேற்றமா?" என்று கேலி செய்தார்கள். ஆனால் அந்தச் சீசனில் சாகர் எடுத்த பிடிப்புப் புள்ளிகள் 82. லீக் முழுவதிலும் அவரைவிட அதிகம் எடுத்தவர் ஒருவர்தான். தோற்றுக்கொண்டிருந்த அணிக்குள் ஒரு நல்ல தடுப்பு வரிசை உருவாகிக்கொண்டிருந்தது. மேலே கதிர் வராத பயிர், கீழே வேர் பிடித்திருந்தது. மலையில் சாமை விதைத்தவனுக்கு இது புரியும்.

2022 ஆகஸ்டு ஏலத்தில் தலைவாஸ் மறுபடி பழைய வழிக்கே திரும்பியது போலத் தெரிந்தது. பவன் செஹ்ராவத்தை 2 கோடியே 26 லட்ச ரூபாய்க்கு வாங்கினார்கள். அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் கொடுக்காத தொகை. தில்லிப் பக்கத்துக்காரர், தாவிக் குதித்து ஏழு பேரைத் தாண்டி வருகிறவர், பெங்களூருக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். அவரையே அணித்தலைவர் ஆக்கினார்கள். எங்கள் மலைப் பையன்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். "பெரியப்பா, இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்" என்றான் என் தம்பி மகன். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 8, பெங்களூர். குஜராத் ஜயன்ட்ஸோடு முதல் ஆட்டம். இதில் ஒரு வேடிக்கை: குஜராத் அணியின் தலைவர் சந்திரன் ரஞ்சித், நம் தமிழ்நாட்டுக்காரர். தமிழ் தலைவாஸின் தலைவர் வடநாட்டுக்காரர். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நின்றார்கள். முதல் பாதிகூட முடியவில்லை. பவன், பாடிப் போனபோது அல்ல, பிடிக்கப் போனபோது முழங்கால் பிசகிக் கீழே விழுந்தார். எழுந்திருக்கவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தச் சீசனில் அவர் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது.

இரண்டேகால் கோடி ரூபாய், இருபது நிமிடம் கூட ஓடவில்லை. தம்பி மகன் போனில் அழாத குறை. "எல்லாம் போச்சு பெரியப்பா."

அடுத்த ஆட்டங்களில் தோல்வி. தமிழ்நாட்டுக் கபடியில் மதிப்புப் பெற்ற ஜே. உதயகுமார்தான் அப்போது பயிற்சியாளர். சீசன் நடுவிலேயே அவர் போய், முன்னாள் இந்திய வீரர் அஷன் குமார் வந்தார். தலைவர் இல்லை, பயிற்சியாளர் மாறியாயிற்று. வழக்கம்போலக் கடைசி இடத்துக்குப் பாய் விரித்தாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். நான் பெரிய ஞானி மாதிரி இப்போது எழுதுகிறேன், அன்று அந்த அணியை நம்பாதவர்களில் நானும் ஒருவன்.

நடந்தது வேறு. பவன் விட்டுப்போன இடத்தில் பாடப் போனவர் நரேந்தர் என்ற ஹரியானாப் பையன். அவருக்கு அதுதான் முதல் சீசன். பெயரே கேள்விப்படாத பையன் 243 ரைடு புள்ளிகள் எடுத்தார். அந்தச் சீசனில் ஜெய்ப்பூரின் அர்ஜுன் தேஷ்வால், பெங்களூரின் பரத் போன்ற மிகச் சிலரே அவரைவிட அதிகம் எடுத்தார்கள். பவன் நல்லபடியாக இருந்திருந்தால் நரேந்தருக்கு எத்தனை ரைடு கிடைத்திருக்கும்? ஓர் ஆட்டத்துக்கு நாலோ ஐந்தோ. பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பார். ஒருவரின் காயம் இன்னொருவருக்கு வாசல் என்று சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் விளையாட்டில் இது நடக்கிறது.

நரேந்தரையும் அஜிங்கியா பவாரையும் மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். ரைடரைப் பாராட்டுவதற்கு ஊரே இருக்கிறது. பிடிக்கிறவனைப் பாராட்ட ஆள் இல்லை. நான் கல்லூரி அணியில் கவர் ஆடியவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். கபடியில் மூலையில் நிற்கிறவன் காலைப் பிடிப்பான். கவரில் நிற்கிறவன் நெஞ்சோடு மோதி ரைடரைக் கோட்டுக்கு வெளியே தள்ளுவான் அல்லது இடுப்பைக் கட்டுவான். இரண்டு பேரும் ஒரே நொடியில் பாய வேண்டும். அரை நொடி பிந்தினால் இரண்டு பேரும் அவுட். இந்த ஒத்திசைவை ஏலத்தில் வாங்க முடியாது. கூடவே தோற்று, கூடவே திட்டு வாங்கி, கூடவே சாப்பிட்டால்தான் வரும். சாகர், சாஹில், அபிஷேக், மோஹித் என்ற அந்தத் தடுப்பு வரிசை, பதினோராவது இடம் வந்த வருடத்தில் கூடவே தோற்ற வரிசை. பவன் போனபோது அணி சரிந்துவிடாமல் தாங்கியது அதுதான் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சங்கக் கூட்டத்தில் டீ குடிக்கும்போது என்னோடு மோதலாம்.

2022இன் லீக் கணக்கு தெரியாதவர்களுக்காக: அப்போது பன்னிரண்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் 22 ஆட்டம். ஜெயித்தால் 5 புள்ளி, சமன் என்றால் 3, ஏழு புள்ளிக்குள் தோற்றால் ஆறுதலாக 1 கொடுத்தார்கள். முதல் ஆறு இடம் பிடித்தவர்கள் பிளேஆஃபுக்குப் போனார்கள். அதிலும் முதல் இரண்டு இடத்தார் நேரே அரையிறுதிக்கு. மற்ற நால்வரும் எலிமினேட்டர் ஆட வேண்டியிருந்தது, தோற்றால் வீட்டுக்கு. தலைவாஸ் பத்து வெற்றி, எட்டுத் தோல்வி, நான்கு சமன் என்று 66 புள்ளி எடுத்தது. ஐந்தாவது இடம். டிசம்பரில் ஹைதராபாத்தில் யூ.பி. யோத்தாஸை 43-28 என்று அடித்துத்தான் தகுதி உறுதியானது. ஐந்து சீசனில் முதல் முறையாகத் தமிழ்நாட்டு அணி பிளேஆஃபுக்குள் கால் வைத்தது.

எலிமினேட்டரிலும் அதே யூ.பி. யோத்தாஸ்தான் எதிரில். டிசம்பர் 13, செவ்வாய்க்கிழமை, மும்பை. குடும்ப வேலையாக நான் அன்று புதூர்நாட்டில் தம்பி வீட்டில் இருந்தேன். மாண்டஸ் புயல் கரை கடந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மலையெல்லாம் ஈரம், குளிர் வேறு. கரண்டு வருவதும் போவதுமாக இருந்தது. டிஷ் ஆன்டெனாவை ஒருவன் கூரைமேல் ஏறித் திருப்பிக்கொண்டிருந்தான். உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள், மரம் ஏறிப் புளி உலுக்கும் பையன்கள், ரிட்டயர்டு ஆன ஒரு வாத்தியார் எல்லோரும் அந்தச் சின்ன வீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். தம்பி மனைவி அடுப்பங்கரையிலிருந்தே "யாரு முன்னாடி இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு நிமிடத்துக்கு ஒரு பதில்.

எதிரணியில் பர்தீப் நர்வால். லீக்கின் வரலாற்றிலேயே அதிக ரைடு புள்ளிகள் எடுத்தவர். குனிந்து எல்லார் கைக்கும் அடியில் புகுந்து வருகிறவர். அவர் பாட வரும்போதெல்லாம் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பாடுகிறவர் அவர், மூச்சு அடங்கியது எங்களுக்கு! நாற்பது நிமிடம் முடிந்தது. 36-36.

இப்போது என்ன செய்வார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. "இன்னொரு நாள் ஆடுவாங்களா?" என்றார் வாத்தியார். அப்போது லீக் ஆட்டத்தில் சமன் என்றால் புள்ளியைப் பங்கு போட்டுக்கொண்டு போய்விட முடிந்தது. பிளேஆஃபில் அப்படி விட முடியாது. டை பிரேக்கர் வைத்தார்கள். இரு பக்கமும் ஏழு ஏழு பேர் நிற்பார்கள். ஒவ்வொரு அணியும் ஐந்து ரைடு, ஒவ்வொரு ரைடுக்கும் வேறு ஆள். அவுட் ஆனாலும் வெளியே போக வேண்டாம், புள்ளி மட்டும் சேரும். எதிராளியின் பகுதியில் முதலில் இருக்கும் பாக் கோடே போனஸ் கோடும் ஆகிவிடும். அதாவது, ஒரே ஒரு நட்சத்திர ரைடரை வைத்துக்கொண்டு டை பிரேக்கரில் தப்ப முடியாது. பாடத் தெரிந்த ஐந்து பேர் வேண்டும். தலைவரை முதல் நாளே இழந்த அணிக்கு அந்த விதி வாய்த்தது பாருங்கள்!

6-4. தமிழ் தலைவாஸ் வெற்றி.

கூரைமேல் இருந்தவன் ஆன்டெனாவை விட்டுவிட்டுக் குதித்துவிட்டான். படம் போய்விட்டது. யாரும் கவலைப்படவில்லை.

அரையிறுதி டிசம்பர் 15 அன்று. நான் மலையிறங்கி ஊர் திரும்பியிருந்தேன், வீட்டில் தனியாகப் பார்த்தேன். எதிரில் புனேரி பல்டன், ஈரானின் ஃபசல் அத்ராச்சலி தலைமையில். முதல் பாதியில் நம்ம அணிதான் முன்னிலை. இறுதிப் போட்டி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. இரண்டாம் பாதியில் பங்கஜ் மோஹிதே ஒரு பக்கமாக ஆட்டத்தைத் திருப்பினார். வந்தார், தொட்டார், போனார். நம் தடுப்பு வரிசை பாய்ந்த ஒவ்வொரு முறையும் அந்த அரை நொடி பிந்தியது. 39-37. இரண்டு புள்ளி. கபடியில் அது ஒரு தொடுகையும் ஒரு போனஸும்.

இறுதிப் போட்டியில் ஜெய்ப்பூர் 33-29 என்று புனேயை வென்றது. அதை நான் பார்க்கவில்லை, அடுத்த நாள் பேப்பரில் படித்தேன்.

அதன் பிறகு? 2023, 2024 சீசன்களில் தலைவாஸ் பிளேஆஃபை எட்டவில்லை. பவன் குணமாகி, தெலுங்கு டைட்டன்ஸுக்கு இன்னும் பெரிய தொகைக்குப் போனார். 2023 அக்டோபரில் ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் இந்தியாவின் தலைவராக நின்று, 2018இல் ஈரானிடம் இழந்த தங்கத்தை மீட்டு வந்தார். அந்த முழங்காலுக்காக அழுத எங்கள் மலைப் பையன்கள் அன்றைக்குக் கை தட்டினார்கள்.

ஒரு கேள்வி இன்னும் மீதி இருக்கிறது. என் வகுப்புத் தோழன் ஒருவன், இப்போது பெங்களூரில் இருக்கிறான், போனில் சண்டைக்கே வந்துவிட்டான். "டேய், ஹரியானாக்காரனும் மராட்டியனும் ஆடுற அணிக்குத் தமிழ்னு பேரு வச்சா நீ ஏன்டா அழுவுற?" நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகளைப் பாருங்கள். பெயர் ஓர் ஊருடையது, ஆட்கள் உலகமெங்கும் இருந்து. ஏலம் என்று வந்துவிட்டால் அப்படித்தான். அதே கணக்கில்தான் நம் சேரலாதன் பாட்னாவுக்குக் கோப்பை வாங்கினார், ரஞ்சித் குஜராத்துக்குத் தலைமை தாங்கினார். அவர்களை அந்த ஊர்க்காரர்கள் "நீ யாரு?" என்று கேட்கவில்லை. எனவே நரேந்தரை நம்மவர் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

என் வருத்தம் வேறு. ஹரியானாவின் கிராமத்துப் பையன் ஒருவன் களத்திலிருந்து மேட்டுக்கு வர ஒரு பாதை இருக்கிறது. பள்ளி, பயிற்சி மையம், மாநில அணி, தேர்வு முகாம் என்று படிப்படியாக வந்துவிடலாம். நம்மிடமும் அந்தப் பாதை சில ஊர்களில் இருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற அணிகளில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகாவும், மன்னார்குடிப் பக்கத்து வடுவூர் அபினேஷும் இருந்தார்கள். வடுவூரில் தலைமுறை தலைமுறையாகக் கபடி சொல்லிக் கொடுக்கிறார்கள். கண்ணகி நகரில் பெண் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். எங்கள் மலையில் மூச்சும் காலும் இருக்கின்றன. நாள் முழுக்க ஏறி இறங்குகிற கால். மேட் இல்லை. மண்ணில் ஆடியவன் முதல் நாள் மேட்டில் ஷூ போட்டு நின்றால் கால் ஒட்டிக்கொள்ளும், திரும்ப வராது. முழங்கால் போகும் இடமும் அதுதான்.

என் சொந்தக் கதை ஒன்று. 1988இல், மூன்றாம் வருடம். மாவட்ட அணித் தேர்வுக்கு என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். தேர்வுக்கு முதல் நாள் பாட்டியைப் பார்க்க ஊருக்குப் போனேன். இரவெல்லாம் ஐப்பசி மழை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் வரவில்லை. விடியற்காலையில் நடந்தே இறங்கினேன். அடிவாரத்தில் லாரி பிடித்து, இன்னொரு பஸ் மாறி, மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. கோட்டுச் சுண்ணாம்பைப் பையன்கள் மிதித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழை மேல் யார் வழக்குப் போடுவது? என் இடத்தில் ரிசர்வாக வந்திருந்த ஒருவன் கவர் ஆடித் தேர்வானான். நன்றாகவும் ஆடினான். அவனுக்குப் பின்னர் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் கிடைத்தது. நரேந்தர் ஆடியதைப் பார்த்தபோது எனக்கு அவன் ஞாபகம் வந்தது. பவனைத் தூக்கிக்கொண்டு போனபோது என் ஞாபகம் வந்தது. (நானும் பவனும் ஒன்றா என்று சிரிக்காதீர்கள். எனக்கு யாரும் கோடி கொடுக்கவில்லை, பஸ் டிக்கெட்டுக்கே கடன் வாங்கியவன்!)

தம்பி மகன் 2023இல் நம் கல்லூரியிலேயே சேர்ந்தான். சேரும்போது அவன் கேட்டது ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி அல்ல. "பெரியப்பா, காலேஜ்ல மேட் இருக்கா?" என்றான். முன்னாள் மாணவர் சங்க நண்பர்களே, அந்தக் கேள்வியை அப்படியே உங்கள் முன் வைக்கிறேன். ஒரு கபடிக் களம் ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதை மூடும் அளவுக்கு மேட். கலையரங்கத்துக்குக் கூரை போட்ட சங்கத்துக்கு இது பெரிய காரியமில்லை. மலைப் பிள்ளைகள் சாயங்காலம் ஒரு மணி நேரம் அதில் நின்று பழகினால் போதும்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். தலைவாஸ் தோற்று ஒரு மாதம் கழித்து, 2023 பொங்கலுக்கு, எங்கள் ஊரில் வழக்கம்போல ராத்திரிக் கபடி. மூங்கிலில் கட்டிய டியூப் லைட்டு வெளிச்சம், ஒலிபெருக்கியில் ஒருவன் கத்திக்கொண்டிருக்கிறான். இறுதி ஆட்டத்தில் இரண்டு கட்சியும் சமன். எங்கள் காலத்தில் இப்படி ஆனால் நாணயம் சுண்டுவோம், அல்லது பரிசுக் கிடாயைப் பாதியாக வெட்டிப் பங்கு போட்டுக்கொள்வோம். அன்று பெரியவர் ஒருவர் காசை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பையன்கள் அவரைத் தடுத்துவிட்டார்கள். "தாத்தா, காசு வேணாம். அஞ்சு அஞ்சு ரைடு, தலைவாஸ் ஆடுன மாதிரி" என்றார்கள். ஒருவன் ஓடிப்போய்க் கோலமாவு வாங்கி வந்து பாக் கோட்டைப் புதிதாகப் போட்டான். கோணலாகத்தான் இருந்தது. முதலில் பாடப் போன பையனுக்கு அந்த வருடம் அதுதான் முதல் ரைடு. அதுவரை கோட்டுக்கு வெளியே துண்டு பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.